புரட்டாசியில் பறந்த குழவி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லிக்கொடுத்த பெரியவர்கள், புரட்டாசியில் குழவி பறக்கக்கூடும் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு அம்மிக் குழவி சென்ற புதன்கிழமை திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டது. காற்றின் மேல் குற்றமில்லை. முழுக்க முழுக்க அம்மாதான் காரணம்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பெரிய மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டதால் இவள், அதாவது என் மனைவி, ஒரு மாதம் அங்கே போய் இருப்பது என்று ஆனியிலேயே முடிவாகியிருந்தது. பெட்டி 30 கிலோ, கைப்பை 7 கிலோ. இந்த இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி, எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று பூஜை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தேன். அம்மா தினமும் காலையில் அதற்கும் சேர்த்து விபூதி இட்டாரே தவிர, படித்ததாகத் தெரியவில்லை. படித்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. எங்கள் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறதே, 3,000 கலம் நெல் கொள்ளுமே, அதன் நிழலில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஒரு பொருளுக்குள் எவ்வளவு அடங்கும் என்ற கேள்விக்கு அவர் மனத்தில் உள்ள அளவுகோல் அந்தக் களஞ்சியம்தான். சக்கரம் வைத்த நீலப் பெட்டி இல்லை.

பிரசவ லேகியம், வசம்பு, மாசிக்காய், பூண்டு, இரண்டு கிலோ புளி, வடகம், அரிசி முறுக்கு, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள் என்று ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் இறங்கின. நான் இரவில் இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தால், விடிவதற்குள் மூன்று பொட்டலங்கள் ஏறியிருக்கும். வீட்டிலிருந்து இறங்கி நடந்தால் தேக்கா சந்தை வந்துவிடும் என்றும், அங்கே முருங்கைக்காய் முதல் வாழையிலை வரை கிடைக்கும் என்றும் பெரியவள் தொலைபேசியில் மன்றாடிப் பார்த்தாள். கிடைக்கும், ஆனால் நம் வீட்டுப் புளி கிடைக்குமா என்று அம்மா கேட்ட கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. கடைசியில் அவள் உறுதியாகச் சொன்னது ஒன்றுதான்: கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம், அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். அம்மாவுக்கு இது தம் சமையலின் மீது வைக்கப்பட்ட களங்கமாகவே பட்டது. "அறுபது வருஷமாகக் குருமாவில் அரைத்துப் போடுகிறேன். இந்த வீட்டில் எவன் தள்ளாடினான்?" என்றார்.

எடை போடும் படலம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. வீட்டிலிருக்கும் கண்ணாடி எடைப்பொறியில் பெட்டியை நிற்க வைத்தால் எண் மறைந்துவிடுகிறது. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நின்று, பிறகு நான் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளலாம் என்று சின்னவன் கணக்குச் சொன்னான். இரண்டாவது எண்ணைக் குனிந்து பார்த்த இவள், பெட்டியை அடியோடு மறந்துவிட்டு, என் இரவுச் சாப்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். அதன்பின் அந்த முறை கைவிடப்பட்டது. அடுத்ததாக, தெருவில் போன பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டு அவருடைய தொங்கு தராசில் மாட்டினோம். பத்தொன்பது கிலோ என்று காட்டியது. நான்கு மாதச் செய்தித்தாளை ஆறு கிலோவாகக் காட்டும் தராசு வேறு எப்படிக் காட்டும்? இவளுக்கு மட்டும் அந்தத் தராசின் மேல் தனிப் பிரியம் வந்து, இதையே விமான நிலையத்துக்கு வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாமா என்றாள்.

வேறு வழியின்றிச் சின்னவனின் வண்டியில் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நெல் மில்லுக்குப் போனோம். குறுவை அறுவடை நேரம். மில் வாசலில் மூட்டைகள் மலைபோல் கிடந்தன. முந்தின இரவு பெய்த மழையைப் பற்றியும், கொள்முதலில் கேட்கும் 17 சதவீத ஈரப்பத வரம்பைப் பற்றியும் எல்லோரும் கவலையோடு பேசிக்கொண்டிருந்த இடத்தில், நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு இருவர் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்து, பெட்டியை ஒரு கையால் தூக்கி இறக்கி, "முப்பத்தாறரை இருக்கும்" என்றார். எலக்ட்ரானிக் தராசு 36.400 என்று காட்டியது. தராசு நூறு கிராம் பிழை செய்துவிட்டது என்பதுபோல் அவர் அதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்: "உள்ளே கல் இருக்கு சார். சரக்கா இருந்தா இப்படி ஒரு பக்கம் இழுக்காது." நாற்பது கிலோ சிப்பங்களை ஆயுள் முழுவதும் முதுகில் ஏற்றியவரின் சொல்லை மறுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கேயே பெட்டியைத் திறந்தேன்.

நெல் தூசிக்கு நடுவே, பத்துப் பேர் பார்த்திருக்க, எங்கள் குடும்பத்தின் அந்தரங்கங்கள் ஒவ்வொன்றாகச் சாக்கின் மேல் பரப்பப்பட்டன. கசகசா, எதிர்பார்த்தபடியே, முறுக்கு டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது. லேகிய டப்பாவை முகர்ந்து பார்த்த லாரி ஓட்டுநர், இதற்கு ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருக்கும்போல் தெரிகிறதே, தள்ளுபடி ஆகிவிடுமே என்று வருத்தப்பட்டார். அடியில், அப்பாவின் வேட்டித் துணி நான்கு சுற்றுச் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல் படுத்திருந்தது குழவி. தனியாகத் தூக்கி வைத்தோம்: 3.850.

அங்கிருந்தே வீட்டுக்குத் தொலைபேசினேன். அம்மா மறைக்கவில்லை, தயங்கவும் இல்லை. பெயர் வைக்கும் நாளில் தொட்டிலில் முதலில் குழவியைக் கிடத்தி ஆட்டிவிட்டுத்தானே பிள்ளையைப் போட வேண்டும், அந்த ஊரில் குழவிக்கு எங்கே போவாள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். என் தங்கைகள், சின்னவன், இப்போது பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெரியவள் என்று எல்லோரும் அந்தக் குழவிக்குப் பிறகுதான் தொட்டில் ஏறியிருக்கிறோம். பழந்தமிழில் கைக்குழந்தைக்கும் குழவி என்றுதான் பெயர் என்பது எனக்குப் பள்ளியில் தெரிந்தது. அம்மாவுக்கு அது பாடமாகச் சொல்லாமலேயே தெரிந்திருக்கிறது. நான் பிறந்தபோது எவ்வளவு எடை இருந்தேன் என்று, கோபத்தை மாற்றுவதற்காகச் சும்மா கேட்டுவைத்தேன். "உன்னை யாருடா தராசில் போட்டார்கள்? மருத்துவச்சி ஒரு கையில் உன்னையும் ஒரு கையில் குழவியையும் தூக்கிப் பார்த்து, குழவிதான் கனம் என்றாள்" என்றார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் மில் முழுவதும் இதைக் கேட்டது. சுமைக்காரப் பெரியவர் அப்போதும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்; மனத்துக்குள் எடை போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

குழவி பெட்டிக்குள் திரும்பிப் போனது. அதற்கு ஈடாகப் புளி, வடகம், முறுக்கு, கசகசா ஆகியவற்றோடு, இவளுடைய மூன்று பட்டுப் புடவைகளும் வெளியே வந்தன. புடவைகளை எடுக்கச் சொன்னது நான் இல்லை, தொலைபேசியில் அவளேதான். ஆனாலும் அந்த வழக்கு என் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. கடைசியில் தராசு 29.900 காட்டியபோது மில்லில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

திருச்சியில் கோபுரம்போல் முகப்பு வைத்து, 2024 ஜனவரியில் திறந்தார்களே, அந்தப் புதிய முனையத்தின் வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். உள்ளே நடந்ததை இவள் சொல்லித்தான் அறிந்தேன். பெட்டியின் நிழற்படத்தைப் பார்த்த வடநாட்டு இளைஞர், உருண்டையாகத் தெரியும் இது என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் தனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் முயன்று, இறுதியில் இரு கைகளையும் சேர்த்துத் தாலாட்டிக் காட்டியிருக்கிறாள். பொம்மையா என்று அவர் கேட்க, ஆமாம் என்று தலையாட்டிவிட்டாளாம். இந்த அளவுக்குச் சரியான பதிலை நான் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை காலையில்தான், கொல்லையில் அம்மி தனியாகக் கிடப்பதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது. மிக்சியில் அரைத்த துவையலை அம்மா இதுவரை வாயில் வைத்ததில்லை. அரைபடுவது வேறு, அடிபடுவது வேறு என்பது அவர் கொள்கை. நான் மிக்சியில் அரைத்துக் கொடுத்த பருப்புத் துவையலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்துக்குப் பூசிக்கொள்ளலாம்போல் வழவழவென்று இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை வெறும் ரசம். சனிக்கிழமை வெறும் மோர். திட்டவில்லை, குறை சொல்லவில்லை. அம்மியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து மட்டும் வைத்தார். அது போதாதா?

திங்கட்கிழமை அலுவலகம் விட்டதும் தஞ்சாவூரில் சாலையோரக் கல் கடை ஒன்றில் குழவி மட்டும் விலை கேட்டேன். தனிக் குழவி விற்பதில்லை, ஜோடியாகத்தான் என்றார் கடைக்காரர். அம்மி மிதித்துத் தாலி கட்டிய நீங்களே பிரித்துக் கேட்கலாமா என்று அவர் மனைவி உள்ளிருந்து கேட்டார். நான்கு கிலோவை இறக்கச் சொல்லிக் குடும்பத்தோடு சண்டையிட்டவன், இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாத ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு, மாலை நேரத்துக் கும்பகோணம் பேருந்தில் ஏறினேன். அய்யம்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன்; அம்மிக்கு மட்டும் இடம் கிடைத்தது. தினமும் என்னோடு சிரித்துப் பேசும் நடத்துநர், அன்று சிரித்துக்கொண்டே சுமைக் கட்டணச் சீட்டையும் கிழித்தார். பிடி கல்கூடக் கிடைக்காத இந்த வண்டல் மண்ணில், கல்லையெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்துதான் 1010-இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான் இராசராசன். அவனிடம் எவரும் சீட்டு நீட்டியிருக்க மாட்டார்கள்.

பாபநாசத்தில் இறங்கி, ஆட்டோவுக்கும் அழுது, வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கியதும் அம்மா அம்மியைத் தடவிப் பார்த்தார். கொத்து சரியில்லை என்றார். புது அம்மி மண் கக்கும், ஒரு வாரம் தவிடும் அரிசியும் போட்டு அரைத்து அரைத்துக் கொட்டினால்தான் பழகும் என்றார். தம் கை வலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

நேற்றிரவு கொல்லை விளக்கின் கீழ் உட்கார்ந்து யாருக்கும் உதவாத அரிசியை அரைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து இவள் வீடியோவில் வந்தாள். பெரியவளின் வயிறு, கால் வீக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்த பிறகு அம்மா குழவியைக் காட்டச் சொன்னார். பெரியவள் அதைச் சோபாவில் தலையணை மேல் வைத்திருந்தாள். திருப்பு, இந்தப் பக்கம் காட்டு, மூக்கு உடையவில்லையே என்று ஒரு சுற்று பார்த்து முடித்துவிட்டு, அம்மா என் பக்கம் திரும்பினார்.

"வரும்போதும் முப்பது கிலோ விடுவான் இல்லையாடா?"

நான் பதில் சொல்லாமல் இன்னொரு கைப்பிடி அரிசியை அள்ளிப் போட்டேன்.