டர்போ வண்டில பிரேக் பூஸ்டர் செக் வால்வை டெஸ்ட் பண்ணின அனுபவம்

பழைய டர்போ பெட்ரோல் வண்டி. நல்லா மிதிச்சு ஓட்டிட்டு உடனே பிரேக் பிடிச்சா முதல் மிதி கட்டையா இருக்கும், மெதுவா ஓட்டினா ஒரு குறையும் தெரியாது. பேட், ஃப்ளூயிட் எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. பிரேக் பூஸ்டர், மேனிஃபோல்ட்ல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) இருந்து ஒரு ஹோஸ் வழியா கிடைக்கற வேக்கத்தை (உறிஞ்சற இழுப்பு) வச்சுதான் பெடலை லேசாக்கும். டர்போ ஊதும்போது மேனிஃபோல்ட்ல வேக்கம் போய் பிரஷர் வந்துடும்ல, அது பூஸ்டருக்குள்ள போகாம தடுக்கறதுதான் அந்த ஹோஸ்ல இருக்கற செக் வால்வ் (காத்தை ஒரு பக்கம் மட்டும் விடற வால்வ்), அதனால சந்தேகம் நேரா அதுமேலதான்.

முதல்ல காசில்லாத டெஸ்ட். இன்ஜினை கொஞ்சம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணி உடனே பெடல் மிதிச்சா ரெண்டு மூணு தடவை மெத்துனு போச்சு, டெஸ்ட் பாஸ்தான். ஆனா ஆஃப் பண்ணி கால் மணி நேரம் விட்டு மிதிச்சா எடுத்த எடுப்புலயே கட்டை. சரி எங்கயோ மெதுவா கசியுது, ஆனா அது வால்வா, பூஸ்டர்ல இருக்கற ரப்பர் கிராமெட்டா (சீல் வளையம்), பூஸ்டரேவானு இதுல தெரியாது.

வால்வை கழட்டி வாயால ஊதி பாத்தேன், ஒரு பக்கம் போகுது, மறுபக்கம் அடைக்குது. நிறைய பேர் இதோட ஓகேனு விட்டுடறாங்க, எனக்கு இந்த டெஸ்ட் மேல பெரிய நம்பிக்கை கிடையாது, வாய்ல வர்ற காத்து எம்மாத்திரம்? கை வேக்கம் பம்பை பூஸ்டர் பக்கம் மாட்டி 20 இன்ச் (பாதரச அளவு) வரைக்கும் இழுத்தா முள்ளு அசையாம நின்னுச்சு. அப்புறம் ஓடற இன்ஜின்ல இருக்கற மாதிரி சூடாக்கிப் பாக்க வால்வை சூடு தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, தொடச்சு, மறுபடி இழுத்தேன், முள்ளு கண்ணு முன்னாடியே இறங்குது! உறுதி பண்ணிக்க மேனிஃபோல்ட் பக்கம் சைக்கிள் பம்ப்ல ஒரு 10 பிஎஸ்ஐ கொடுத்து வால்வை தண்ணில முக்கினேன், ரெண்டு பாதி பிளாஸ்டிக் ஒட்டியிருக்கற ஜாயிண்ட்ல ஒண்ணுமில்ல, பூஸ்டர் பக்க வாய்லதான் பொடிப்பொடியா குமிழி. அப்போ பாடி உடையல, உள்ள இருக்கற ரப்பர்தான் காலி. இந்த பிரஷர் டெஸ்டை வால்வை தனியா கழட்டி வச்சு மட்டும் பண்ணுங்க, பூஸ்டருக்குள்ள காத்தடிச்சு வைக்காதீங்க.

புதுசு மாட்டும்போது அம்புக்குறி மேனிஃபோல்டை பாக்கணும், காத்து பூஸ்டர்ல இருந்து அந்தப் பக்கம்தான் போகணும். மேனிஃபோல்ட் பக்க ஹோஸ் எண்ணெய் ஆவில ஊறி உப்பியிருந்துச்சு, அதையும் மாத்தி கிளாம்ப் போட்டேன், டர்போ இல்லாத வண்டில சும்மா சொருகி விட்டாலும் வேக்கமே பிடிச்சுக்கும், இங்க பூஸ்ட் வந்தா பிடுங்கிக்கும். இப்ப கால் மணி நேரம் கழிச்சும் பெடல் மெத்துனு போகுது. பிசிவி லைன்லயும் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்கு கொண்டு போற குழாய்) இதே மாதிரி ஒரு வால்வ் இருக்கு, அடுத்து அதை சூடு தண்ணில போடணும்.