துரை பங்களா கிளாவியோலின்: இதுவரை நடந்த வேலை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு துரை பங்களாவில் பழைய சாமான்களைக் கழித்தபோது, செல்லரித்த பியானோவுக்கு அடியில் கிடந்தது இந்த மின்னணு வாத்தியம். மொத்தம் இரண்டு பெட்டி. சின்னதில் மூன்று ஸ்தாயிக்குக் கட்டைகள், முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள். பெரியதில் வால்வ் (பழைய வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும். பெயர்ப்பலகையைத் துடைத்ததும் 'செல்மர் கிளாவியோலின்' என்று தெரிந்தது. பியானோவை விறகுக்குக் கொடுத்துவிட்டு இதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வெர்சாய் நகரத்துப் பொறியியலாளர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் உருவாக்கிய வாத்தியம் இது. சிந்தசைசர் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம். பிறகு உரிமம் பெற்று இங்கிலாந்தில் செல்மரும் அமெரிக்காவில் கிப்சனும் செய்து விற்றார்கள். பியானோவின் விளிம்புக்குக் கீழே இதை மாட்டிக்கொண்டு, இடது கை பியானோவில் பின்னணி வாசிக்க, வலது கை இதில் மெட்டை வாசிக்கும். எத்தனை கட்டையை அமுக்கினாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். கைகள் இரண்டுக்கும் வேலை இருப்பதால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல் வைத்திருக்கிறார்கள். என் பெட்டியில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறியதும் இளகிவிட்டது.

எடுத்த எடுப்பில் கரண்ட் கொடுக்கவில்லை. எங்கள் ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அலமாரிக்குள் இருக்கும் சட்டைக்கும் பூஞ்சணம் பிடிக்கும் ஊர். மெழுகு பூசிய பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் அந்த ஈரத்தை உறிஞ்சாமல் இருக்குமா? ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தத்தை மட்டும் கடத்த வேண்டிய கெப்பாசிட்டர் ஒழுகினால், கூடவே டீசீ (நேர்மின்) வோல்ட்டேஜும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கு, போய்விடும். அந்த வால்வ் கொதிக்கும், கடைசியில் ட்ரான்ஸ்ஃபோமரும் எரியும். அதனால் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் காகிதக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றி, கொழும்பு புறக்கோட்டையில் வாங்கிய புதியவற்றைப் பொருத்தினேன்.

அப்புறம் சீரீஸ் பல்பு. மெயின்ஸ் வயரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இடையில் போட்டு சுவிட்சைத் தட்டினால், உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். எனக்கு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, மெல்லச் சிவந்து, இழை மட்டும் தெரியும் அளவுக்கு மங்கியது. வால்வுகள் செம்மஞ்சளாகச் சூடேறின. இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: சுவிட்சை நிறுத்திய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். அதை வடிக்காமல் கை வைக்காதீர்கள்.

சத்தம் வந்தது, ஆனால் பாதிக் கட்டைகள் ஊமை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் மெல்லிய தொடுகம்பி இருக்கிறது, அது கறுத்துப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டால் மேற்பூச்சு போய்விடும். விசிட்டிங் கார்டை ஒடுக்கமாக வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, கம்பிகளுக்கு நடுவே செருகி, கட்டையை லேசாக அமுக்கியபடி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் அட்டையில் கறுப்புக் கோடு விழுந்தது. கோடு விழுவது நின்றால் அந்தக் கட்டை முடிந்தது.

ஸ்பீக்கர் கிழிந்திருந்ததால், இப்போதைய கீபோர்ட் ஆம்ப்ளிஃபையரில் மாட்டச் சொன்னார் ஒரு நண்பர். மாட்டிப் பார்த்தேன். சுத்தமான சத்தம்தான், ஆனால் வாசல் மணி மாதிரி இருந்தது. இதன் வால்வ் ஆஸிலேட்டர், அதாவது சுரத்தை உண்டாக்கும் சுற்று, தருவது கிட்டத்தட்டச் சதுர அலை. அதைச் சுவிட்சுகள் வழியாக வடிகட்டி, சுரத்தை நடுங்கவைக்கும் வைப்ரேட்டோ சேர்த்து, கடைசியில் பெரிய பெட்டி வேண்டுமென்றே கொஞ்சம் கரகரப்பாக்கித் தருகிறது. குரலில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய வாத்தியத்தைப் புதுப்பிக்கிறேன் என்று ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி எறிபவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. கிழிசலை டிஷூ பேப்பரும் பசையும் வைத்து ஒட்டினேன், தாங்குகிறது.

வைப்ரேட்டோவைப் போட்டு மூக்கால் பாடுகிற சுவிட்சுகளைச் சேர்த்து இழுத்து வாசித்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

"என்னடா தம்பி, வீட்டுக்குள்ள மகுடி ஊதுற?"

அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தில் ஹேமந்த் குமாரின் இசையில் வரும் அந்தப் பாம்பாட்டி மகுடி, மகுடியே இல்லை. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின். பின்னாளில் தம்பியோடு சேர்ந்து கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று இசையமைப்பில் பெயர் எடுத்தவர்தான். 1967இல் பீட்டில்ஸும் ஒரு பாட்டில் இதை ஷெனாய் சாயலில் பயன்படுத்தினார்கள். ஆனால் பெரியப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். இலங்கை வானொலியின் இந்திச் சேவை கேட்டு வளர்ந்தவர். "நாகின் படத்து 'மன் டோலே' பாட்டை வாசி" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் இரண்டு குறை மிச்சம். சூடேறச் சூடேற சுருதி நகர்கிறது, அரை மணிநேரம் போனால்தான் நிலைக்கிறது. அடுத்தது, கீழ் ஸ்தாயி சுவிட்சைப் போட்டால் கமறல்தான் வருகிறது. ஒரே ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணைப் பாதி பாதியாகப் பிரித்துத்தான் கீழ் ஸ்தாயிகள் கிடைக்கின்றன, ஆகவே கோளாறு அந்தப் பிரிப்பான் பகுதியில்தான் இருக்க வேண்டும். முதலில் வால்வை மாற்றிப் பார்ப்பேன், சரிவராவிட்டால் அங்குள்ள ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டியதுதான். அதுவரை பெரியப்பாவுக்கு மேல் ஸ்தாயியில் பல்லவி மட்டும்.