ஓட்டையைப் பெரிதாக்கி ஷிம் அடுக்கிய கதை

கனடாவின் விஸ்லர் மலைச் சைக்கிள் பார்க்கில் ஜூலை பிறந்தால் ஏ-லைன் தடத்தின் வளைவுகளுக்கு முன்னால் வரிவரியாக மேடு விழுந்துவிடும். எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடித்தால் மண் என்ன செய்யும்? லாரி ஓடி ஓடி வரி விழுந்த செம்மண் ரோடு மாதிரி ஆகிவிடும். போன வருடம் அந்த வரிகளில்தான் என் கை போனது. மூன்றாவது இறக்கத்துக்குள் விரல் மரத்து, பிரேக் லீவரை இழுக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை.

என் மலைச் சைக்கிளில் முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால் கவை, பழைய டபுள் கிரௌன் ஃபோர்க். 200 மி.மீ. டிராவல் (அமுங்கும் தூரம்), 35 மி.மீ. குழாய், இடது காலில் சுருள் ஸ்பிரிங், வலது காலில் அசைவை அடக்கும் டேம்பர். டேம்பருக்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எண்ணெய், அதன் மேல் கொஞ்சம் காற்று, அமுங்குவதை அடக்க எண்ணெயில் மூழ்கி அசையாமல் நிற்கும் கம்ப்ரெஷன் பிஸ்டன், திரும்பி நீளுவதை அடக்கக் கீழிருந்து தண்டோடு ஏறி இறங்கும் ரீபவுண்ட் பிஸ்டன். ஃபோர்க் அமுங்கினால் தண்டு உள்ளே வரும். தன் பருமனுக்கு எண்ணெயை மேலே தள்ளும். அந்த எண்ணெய் கம்ப்ரெஷன் பிஸ்டனைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று அறிய, குழாயில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டிப் பார்த்தேன். குதித்து இறங்கியதையெல்லாம் சேர்த்தும் அது 140 மி.மீ.யைத் தாண்டவில்லை. ஸ்பிரிங்கைக் குறை சொல்ல முடியாது. என் 78 கிலோவுக்கு, சும்மா ஏறி நின்றால் 45 மி.மீ. இறங்குகிறது. ஆக, மீதி 60 மி.மீ.யைத் தடுப்பது டேம்பர்தான்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். 5 வெயிட் எண்ணெயை வடித்துவிட்டு, அதைவிட மெல்லிய 2.5 வெயிட் ஊற்றினேன். தலைவலி போய் திருகுவலி வந்த கதைதான். முன் பிரேக்கைத் தொட்டாலே வண்டி மூக்கைக் கவிழ்த்தது, ரீபவுண்ட் துள்ளியது, வரிமேட்டில் கைவலி மட்டும் அப்படியே இருந்தது. இதிலேயே பாதி சீசன் போய்விட்டது.

காரணம் பிற்பாடுதான் உறைத்தது. எண்ணெய் மெதுவாக நகரும்போது அதன் பிசுக்குத்தன்மைக்கு மரியாதை உண்டு. சின்ன ஓட்டை வழியாக வேகமாகப் பீய்ச்சி அடிக்கும்போது பிசுக்கை யாரும் கேட்பதில்லை. எண்ணெயின் அடர்த்தியும் ஓட்டையின் பரப்பும்தான் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்கு. மெல்லிய எண்ணெய் ஊற்றி நான் கெடுத்துக்கொண்டது மெதுவான அசைவுகளை மட்டும்தான். வலி கொடுத்த வேகமான அசைவுகளை அது தொடவே இல்லை.

குளிர்காலத்தில் கழற்றினேன். பிஸ்டனைக் கையில் எடுத்ததும் சிரிப்புதான் வந்தது. எண்ணெய் மேலே போக 1.5 மி.மீ.யில் இரண்டே ஓட்டை, அவ்வளவுதான். மொத்தப் பரப்பு 3.5 சதுர மி.மீ. அதை 2 மி.மீ.யில் நாலு ஓட்டை ஆக்கினால் 12.6 சதுர மி.மீ. அதே வேகத்தில் அழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். அப்படியே விட்டால் ஃபோர்க் கொழகொழவென்று ஆகிவிடும் என்பதால் ஓட்டைகளின் மேல் ஷிம் வைக்க வேண்டும். ஷிம் என்பது நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய எஃகு வட்டத் தகடு. அழுத்தம் ஏற ஏற விளிம்பு வளைந்து வழிவிடும். மோட்டார் சைக்கிள் சஸ்பென்ஷன் வேலைக்கு விற்கும் 6 மி.மீ. துளை ஷிம்களே போதும். எண்ணெய் திரும்பி வரும் வெளி வட்டத்து வழிகளை மூடிவிடக் கூடாது என்பதால் 16 மி.மீ. அகலத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஷிம் கணக்கில் ஒன்றை மறக்கக் கூடாது: விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 0.15 மி.மீ. தகடு ஒன்று, 0.10 தகடு மூன்றரைக்குக் கிட்டத்தட்டச் சமம்.

முதல் முறை 0.10 தகடு நாலு. பூட்டி, அமுக்கிப் பார்த்தால் கம்ப்ரெஷன் எதிர்ப்பே இல்லை. மறுபடி கழற்றினேன். ஓட்டை விளிம்பில் நகத்தை ஓட்டியதும் நெருடியது. டிரில் விட்டுப்போன பிசிறு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறு ஷிம்மை முழுசாக உட்கார விடவில்லை. எண்ணெய் அந்த இடுக்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் 1000 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 2000, எண்ணெய் தடவி, பிஸ்டனை எட்டு போடுவது போல் சுற்றித் தேய்த்தேன். பிஸ்டனின் முகப்பு முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரும்வரை விடவில்லை. (அந்தக் கண்ணாடி வீட்டில் மாட்டியிருந்த போட்டோ ஃபிரேமிலிருந்து வந்தது. அது தனிப் பஞ்சாயத்து.)

அடுத்த கூத்து எண்ணெய் அளவில். பழையபடி 5 வெயிட்தான், ஆனால் தாராளமாக ஊற்றிவிட்டேன். கடைசி 50 மி.மீ. கல் மாதிரி நின்றது. 10 மி.மீ. தண்டு 200 மி.மீ. உள்ளே வந்தால் கிட்டத்தட்ட 16 மி.லி. எண்ணெய் மேலே ஏறும். அதற்கு மேல் காற்றுக்கு இடம் வைக்காவிட்டால் எண்ணெய் எங்கே போகும்? மருந்துக்கடை சிரிஞ்சில் ரப்பர் குழாய் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிச் சரிசெய்தேன். இந்த வேலையை அவசரமாகச் செய்யாதீர்கள். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை அமுக்கி, குமிழி வரும் களகள சத்தம் நின்ற பிறகுதான் அளக்க வேண்டும்.

மார்ச் மாத கராஜ் குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும். அங்கே அமுக்கிப் பார்த்து 'நல்லா இருக்கே' என்று முடிவு கட்டியது வீண்தான். மே மாதம் பார்க் திறந்ததும் உண்மை தெரிந்தது: நாலு 0.10 தகடு ரொம்ப இளக்கம், வளைவுக்குள் மூக்கு இறங்கியது. இரண்டை எடுத்துவிட்டு 0.15 இரண்டு வைத்தேன். விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய், பழைய கைவலியின் தம்பி எட்டிப்பார்த்தது. இப்போது ஓடுவது 0.10 மூன்று, 0.15 ஒன்று. ஜிப் டை 183-இல் நிற்கிறது. போன சனிக்கிழமை ஏழாவது இறக்கத்தில்தான் விரல் கொஞ்சம் மரத்தது, அதுவும் பிடியை நான் இறுக்கிப் பிடித்ததால் இருக்கலாம்.

ரீபவுண்டை இரண்டு கிளிக் வேகப்படுத்தியிருக்கிறேன். முன்பு அடுத்த மேடு வருவதற்குள் ஃபோர்க் நீளாமல், ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போனது. இப்போது பரவாயில்லை. வரிசையாக வேர்கள் வரும் இடத்தில் மட்டும் இன்னும் தாழ்கிறது, கிளிக்கைத் திறந்தால் தாவி இறங்கும்போது உதைக்கிறது. அந்தப் பிஸ்டனிலும் ஓட்டை சின்னதுதான் என்று படுகிறது. 0.10 தகடு இன்னும் ஆறு மிச்சம் இருக்கிறது. தேய்க்கத்தான் வேறு கண்ணாடி தேட வேண்டும்.