ஆய்வை வணிகப் பொருளாக்கும் பயிற்சி: சேரவிருப்போருக்குச் சில குறிப்புகள்

முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில், கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல ஆய்வாளர்களைப் பழக்கும் பயிற்சி ஒன்றில் எங்கள் குழு சேர்ந்தது. இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்கும் முன்னோடி, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய ஐ-கோர் திட்டம். ஆய்வு மாணவர், பேராசிரியர், தொழில்துறை அனுபவமுள்ள வழிகாட்டி என மூவர் கொண்ட குழு ஏழு வாரங்களுக்குள், கண்டுபிடிப்பை வாங்கவோ பயன்படுத்தவோ கூடிய ஏறத்தாழ 100 பேரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை. வணிகத் திட்ட அறிக்கை எழுதக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்து வருபவர்களுக்கு அந்த எண்ணிக்கை மிகையாகத் தோன்றலாம். ஆனால் விரிவுரைகளைப் பிறகும் படித்துக்கொள்ளலாம், சந்திப்புகளை அப்படி ஈடுசெய்ய முடியாது.

தன் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஆய்வாளருக்கு நிறுத்தத் தெரியாது என்பது எங்கள் வழிகாட்டி அடிக்கடி சொல்லும் கேலி. அது முழுக்கக் கேலியும் அல்ல. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு "இது உங்களுக்குப் பயன்படுமா?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவேனும் "நல்ல முயற்சி" என்பார், அந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. எனவே கண்டுபிடிப்பைப் பற்றி வாய் திறக்காமல், அவருடைய வேலையில் அண்மையில் நடந்த ஒன்றைக் கேட்பதே சரி. எங்களுடையது நீரில் கலந்துள்ள உலோகங்களை அளக்கும் உணரி (சென்சார்); விரைவாக முடிவு தருவதே அதன் சிறப்பு என்று எழுதி வைத்திருந்தோம். நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் ஆய்வக உதவியாளரிடம், "கடைசியாக எப்போது ஓர் அளவீட்டை நம்ப முடியாமல் போனது? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டோம். அவர் எழுந்து சென்று அலமாரியைத் திறந்து, தேதி எழுதி ஒட்டிய அளவுத்திருத்தக் கரைசல் (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் திரவம்) புட்டிகளை வரிசையாகக் காட்டி, காலை நேரத்தில் பாதி இவற்றோடுதான் போகிறது என்றார். விரைவைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அடிக்கடி அளவுத்திருத்தம் செய்யத் தேவையில்லாத உணரி என்ற திசைக்கு எங்கள் ஆய்வு திரும்பியது அதன் பிறகுதான்.

அந்த உதவியாளர் கருவியைப் பயன்படுத்துபவர் மட்டுமே. வாங்கலாம் என்று பரிந்துரைப்பவர் வேறொருவர், பணத்துக்கு ஒப்புதல் தருபவர் இன்னொருவர். மூவரையும் தனித்தனியே சந்திக்காத குழுக்கள் இறுதி மதிப்பீட்டில் திணறுவதைக் கண்டேன். பேசிய அன்றே குறிப்பெழுதிவிடுவதும் முக்கியம். இரண்டு நாள் கழித்து எழுதினால், அவர் சொன்னதை விட நாம் கேட்க விரும்பியதே அதிகம் பதிவாகும்.

காப்புரிமை பற்றிய வகுப்பை ஆய்வு மாணவர்கள் தவறவிடக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டால் உரிமை கைநழுவக்கூடும். மரபணுக்களை ஒட்டிச் சேர்க்கும் முறையைப் பற்றி அமெரிக்க அறிவியலாளர்கள் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் எழுதிய கட்டுரை 1973 நவம்பரில் வெளிவந்தது. காப்புரிமை விண்ணப்பமோ 1974 நவம்பரில்தான் பதிவாயிற்று. வெளியீட்டுக்குப் பின் ஓராண்டு அவகாசம் தரும் அமெரிக்கச் சட்டத்தால் அங்கே உரிமை தப்பியது, பிற நாடுகளில் கைநழுவியது. அந்த ஒரு நாட்டு உரிமையை எவருக்கும் ஏகபோகமாகத் தராமல் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு உரிமமாக வழங்கியே அவர்கள் பணியாற்றிய ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் இரண்டும் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டின. சொந்த நிறுவனம் தொடங்குவது ஒன்றே வழி என்று எண்ணுபவர்கள் இந்த வரலாற்றை ஊன்றிப் படிக்கலாம். ஐரோப்பாவில் பொதுவாக அத்தகைய அவகாசம் கிடையாது. மாநாட்டுச் சுவரொட்டியும் நூலகத்தில் வைக்கப்பட்ட ஆய்வேடும்கூட வெளியீடாகக் கொள்ளப்படலாம். ஆகவே கட்டுரையை அனுப்பும் முன் காப்புரிமை, உரிமப் பணிகளைக் கவனிக்கும் பல்கலைக்கழகத் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் விண்ணப்பத்துக்குப் பின் பிற நாடுகளில் முன்னுரிமை கோர, அதாவது அந்த முதல் தேதியையே அங்கும் கணக்கில் கொள்ளக் கேட்டு விண்ணப்பிக்க, 12 மாதங்கள் கிடைக்கும்.

இறுதி மதிப்பீட்டில் கருவியின் செயல்திறன் வரைபடங்களுக்கு ஓரிரு நிமிடங்களே ஒதுக்குங்கள். தொடக்கத்தில் எதை நம்பினீர்கள், யார் சொன்னதால் அதை மாற்றினீர்கள் என்பதைத்தான் நடுவர்கள் துருவிக் கேட்பார்கள். வாங்குவதற்கு ஆளில்லை என்று சான்றுகளோடு நிறுவி, முயற்சியைக் கைவிட்ட குழு ஒன்று எங்களோடு பயின்ற குழுக்களிடையே நல்ல மதிப்பெண் பெற்றது.