மாஞ்சா நூலும் ஒரு பருந்தும்

பதினோரு வயதிலேயே எனக்குக் காத்தாடி நூலுக்கு மாஞ்சா போடத் தெரியும். எரிந்துபோன ட்யூப்லைட்டைச் சாக்கில் சுற்றி, குழவிக்கல்லால் நசுக்கி, அம்மாவின் பழைய புடவைத் துணியில் சலித்தால் மைதா மாதிரி கண்ணாடித் தூள் வரும். வஜ்ரப் பசையைத் தகர டப்பாவில் காய்ச்சி, சாயத்தையும் தூளையும் கலந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூலில் பூசிக்கொண்டே போவோம். வடசென்னை வியாசர்பாடியில் மே மாத லீவு முழுக்க அதுதான் வேலை. டீல் விட்டு, அதாவது நூலோடு நூலை உரசவிட்டு, எதிராளியின் காத்தாடியை அறுத்துவிட்டால் தெருவே கத்தும். அறுந்த காத்தாடியின் பின்னால் ஓடியிருக்கிறோம். அறுந்த நூல் எங்கே போய் மாட்டியது என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அதை எனக்குக் காட்டியது ஓர் ஆவணப்படம். ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்'. 2022இல் வந்தது. சன்டான்ஸ், கான் திரைப்பட விழாக்களில் விருது வாங்கியது. ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. விருதுகளுக்காகப் பார்க்கச் சொல்லவில்லை. அதில் வரும் அண்ணன் தம்பிக்காகப் பாருங்கள்.

தில்லியில் வசிராபாத் பக்கம் ஒரு வீட்டின் அடித்தள அறை. சோப்பு டிஸ்பென்சர் செய்கிற சிறு தொழிலும் அங்கேதான், அடிபட்ட பருந்துகளுக்கான மருத்துவமனையும் அங்கேதான். நதீம், சவுத் என்ற அந்தச் சகோதரர்களும், சாலிக் என்ற இளைஞரும் அட்டைப்பெட்டிகளில் வந்து சேரும் பறவைகளுக்குத் தையல் போடுகிறார்கள், கட்டுப் போடுகிறார்கள், கறி அரைத்து ஊட்டுகிறார்கள். யாரும் கல்லூரிக்குப் போய்க் கால்நடை மருத்துவம் படித்தவர்கள் இல்லை. இளவயதில் உடற்பயிற்சி செய்து உடம்பை வளர்த்தவர்கள். தசை எப்படி இருக்கும், தசைநார் எங்கே சேரும் என்று அப்போது தெரிந்துகொண்டதுதான் பருந்தின் இறக்கையைத் தைக்க முதலில் உதவியது. வருகிற பறவைகளில் பெரும்பாலானவை மாஞ்சா நூலில் அறுபட்டவை.

இவர்கள் இதில் இறங்கிய கதைதான் என்னை உலுக்கியது. சிறுவயதில் அடிபட்ட ஒரு பருந்தைப் பறவைகளுக்கான மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அது மாமிசம் தின்னும் பறவை, இங்கே பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்பதை வைத்து ஒரு உயிரை வாசலிலேயே நிறுத்துகிற வழக்கம் பறவை வரைக்கும் நீண்டிருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து வேறு ஏரியாவில் வீடு தேடிப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பழக்கம்.

படத்தில் பின்னணிக் குரல் வந்து எதையும் விளக்குவதில்லை. ஆரம்பத்திலேயே ஒரு காலிமனையில் ராத்திரி நேரத்தில் எலிகள் ஓடுவதை கேமரா நிதானமாகத் தரையோடு நகர்ந்து காட்டிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வண்டிகளின் வெளிச்சம். இது மனிதர்களின் நகரம் மட்டும் இல்லை என்பது அந்த ஒரு ஷாட்டிலேயே புரிந்துவிடும். 2019 கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வருகிறது. போராட்டங்களின் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. 2020 பிப்ரவரியில் வடகிழக்குத் தில்லியில் கலவரம், 53 பேர் செத்துப்போனார்கள். இந்த முஸ்லிம் குடும்பம் வெளியே என்ன நடக்கிறதோ என்று பயந்துகொண்டே உள்ளே பருந்துக்குக் கட்டுப் போடுகிறது. ஒரு காட்சியில் அக்கரையில் கிடக்கும் ஒரு பறவைக்காக யமுனையில் இறங்கி நீந்திப் போகிறார்கள். எனக்கு அங்கேதான் கண் கலங்கியது.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் மே மாதம், எங்கள் மொட்டை மாடிக்கு எதிரே போகும் கேபிள் ஒயரில் ஒரு கரும்பருந்து தலைகீழாகத் தொங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் ஒட்டடைக் கோலால் ஒயரை இழுத்துப் பிடிக்க, நான் நூலை பிளேடால் அறுத்தேன். துண்டைப் போட்டுப் பிடித்தபோது அது கத்தவில்லை, கொத்தவில்லை. இதயம் மட்டும் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. இறக்கையின் முன்விளிம்பில் தோல் மடிப்பு கிழிந்து, ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாகத் தசைநார் தெரிந்தது. ரத்தம் அதிகமில்லை. சிவப்பு நூல் மட்டும் சதைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தது. சாயத்தின் சிவப்பா, அதனுடையதா என்று தெரியவில்லை. அதே சிவப்புச் சாயத்தைத்தான் நாங்களும் வாங்குவோம்.

அம்மா கீழேயிருந்து, "அது கோழிக்குஞ்சு தூக்கற சனியன்டா, விட்டுட்டு வா" என்றார். பெட்டியைப் பார்த்ததும், "தண்ணி குடிச்சுதா?" என்றும் கேட்டார். முதலில் தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். பெட்டியோடு வாசலில் நின்றபோது வசிராபாத் வீடுதான் ஞாபகம் வந்தது. அப்புறம் ஒரு தன்னார்வலர் தம்பி ஸ்கூட்டியில் வந்து வாங்கிப் போனார். ஐந்தாம் நாள் போன் பண்ணினார். செத்துவிட்டது. தசைநார் அறுந்தால் பெரும்பாலும் பறக்க முடியாது அண்ணா, என்றார். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே நாடு முழுக்கத் தடை செய்தது. பைக்கில் போனவர்கள் கழுத்தறுபட்டு விழுந்திருக்கிறார்கள், அப்பாவோடு போன குழந்தைகூடச் செத்திருக்கிறது. ஆனாலும் லீவு விட்டால் நூல் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போட ஆரம்பித்தேன். வெள்ளை வேட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், பாய். 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' போட்ட அன்று கூட்டம் அதிகம். தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்ற யானைக் குட்டிகளை வளர்க்கும் படம். 2023இல் ஆஸ்கர் வாங்கியது. அதே வருஷம் பெள்ளி அம்மாவைத் தமிழ்நாடு அரசு முதல் பெண் காவடியாக, அதாவது யானைப் பராமரிப்பு உதவியாளராக, நியமித்தது. குழந்தைகள் ரகுவுக்காகத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். நல்ல படம். ஆனால் நம் ஊரில் எல்லாரும் அந்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு.

படம் பார்த்து என்ன மாறிவிடப்போகிறது என்று ஒருவர் கேட்டார். அவருக்காகவே 'பிளாக்ஃபிஷ்' போட்டேன். 2013இல் வந்த படம். குட்டியாகப் பிடித்து வரப்பட்டு, வாழ்நாளெல்லாம் தொட்டியில் சுற்றிய டிலிக்கம் என்ற ஓர்க்கா திமிங்கிலத்தின் கதை. அது வந்த பிறகு எழுந்த எதிர்ப்பில், அமெரிக்காவின் சீ வேர்ல்டு நிறுவனம் 2016இல் ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஜனவரியில் டிலிக்கம் செத்தது. அதற்கு விடுதலை கிடைக்கவில்லை, அதற்குப் பின்னால் பிறந்திருக்கக் கூடிய குட்டிகளுக்குக் கிடைத்தது.

எங்கள் மாடியில் போட்டே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தது 'கக்கூஸ்'. திவ்யபாரதி எடுத்தது, 2017. மதுரையில் 2015இல் கழிவுத் தொட்டியில் இறங்கி இரண்டு தொழிலாளர்கள் செத்ததிலிருந்து தொடங்கிய படம். பல ஊர்களில் திரையிட அனுமதி மறுத்தார்கள், கடைசியில் யூடியூபில் ஏற்றினார். ஏன் மலம் அள்ளும் வேலையைக் குறிப்பிட்ட சாதிக்காரர்கள் மட்டுமே செய்கிறார்கள் என்று படம் நேராகக் கேட்கிறது. இதற்கு முன்பே, 2003இல், ஆர்.பி. அமுதன் 'பீ' எடுத்துவிட்டார். அரைமணி நேரம்கூட ஓடாது. மதுரைத் தெரு ஒன்றைத் தினமும் காலையில் சுத்தம் செய்யும் மாரியம்மாளின் பின்னாலேயே கேமரா போகும். பாதியில் எழுந்து போய்விடத் தோன்றும். அந்தம்மாவால் எழுந்து போக முடியாது.

மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக்குள் செத்தவர்கள் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை கூடிக்கொண்டிருக்கிறது. இறங்குவது நிற்கவில்லை.

மாடுகளுக்கும் பறவைகளுக்கும் உருகுகிற நண்பர்கள் சிலர் 'கக்கூஸ்' என்றதும் வரவில்லை. தொழிலாளர் பிரச்சினை பேசும் தோழர்கள் சிலர் பருந்துக்கெல்லாம் என்ன படம் என்றார்கள். இரண்டு பக்கமும் எனக்குக் கோபம் வந்தது. வாசலில் நிறுத்தப்பட்டது தில்லியில் பருந்து, இங்கே அந்தக் குழிக்குள் இறங்குகிறவர். நிறுத்துகிற கை ஒன்றுதானே?

எங்கள் தெருவைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அக்கா 'கக்கூஸ்', 'ஆல் தட் ப்ரீத்ஸ்' இரண்டுக்கும் வந்தார். 'கக்கூஸ்' ஓடும்போது பேசவே இல்லை. முடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். பருந்துப் படத்தில்தான் வாய் திறந்தார்.

"இது நம்ம கொடுங்கையூர் குப்பமேட்டுல நெறைய இருக்கே தம்பி. லாரி கவுத்ததும் மொதல்ல இதான் எறங்கும். காக்கா அப்புறம்தான் வரும். வாலு நடுவுல வெட்டுன மாதிரி இருக்கும், அத வெச்சுக் கண்டுபிடிக்கலாம்."

கரும்பருந்தை அடையாளம் காண அந்த வால்தான் வழி என்று நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் தலைக்கு மேலேயே தினம் பார்க்கிறார்.

மாஞ்சாவில் அறுபட்ட இறக்கையைச் சவுத் தைக்கும் காட்சி வந்தபோது அக்கா என் பக்கம் கையை நீட்டினார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஆள்காட்டி விரலின் உள்பக்கம் தெரிந்தது. நாலைந்து கோடுகள், சில ஆறியவை, ஒன்று இன்னும் சிவப்பாக.

"தொடப்பத்துல சுத்திக்கிது. இழுத்தா கைய அறுக்குது. லீவு விட்டுட்டாங்கல்ல" என்றார்.