30/900

இன்று கண்ணில் பட்ட ஒரு அமெரிக்க கார் பாலிசியில், கடைசி வரியில் சின்னதாக ‘30/900’.

வாடகைக் கார் கவரேஜ் அது; நம் கார் ரிப்பேரில் இருக்கும்போது எடுக்கும் வாடகைக் காரின் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி தருவது. நாளுக்கு 30 டாலர், ஒரு கிளெய்முக்கு மொத்தம் 900.

விபத்து, ஆலங்கட்டி மழை என்று கிளெய்ம் ஏற்கப்பட்டு, கார் வொர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்குத்தான் இது. கியர்பாக்ஸ் தானாகப் போனால் சல்லிக்காசு வராது.

வாடகை 45 டாலர் என்றால் மிச்சம் 15 நம் பாக்கெட்டிலிருந்து. பெட்ரோல், டெபாசிட், கவுண்டரில் தலையில் கட்டும் கூடுதல் இன்சூரன்ஸ் எல்லாம் தனி. (நம் பாலிசியே பெரும்பாலும் வாடகைக் காருக்கும் செல்லும். கையெழுத்துக்கு முன் ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள்.)

உதிரிபாகம் வர ஆறு வாரம் ஆனால்?

30-ஆம் நாளோடு சரி.

கார் ‘டோட்டல்’ (ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாது) என்றாகிவிட்டால் இன்னும் மோசம். இழப்பீட்டுத் தொகையைச் சொன்ன சில நாட்களிலேயே வாடகையை நிறுத்திவிடுவார்கள். புதுக் கார் வாங்கினீர்களா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

இடித்தவர் மேல் தப்பென்றால் அவருடைய இன்சூரன்ஸிடமே வாடகையைக் கேட்கலாம். அங்கே இந்த 30 டாலர் கணக்கு கிடையாது. ஆனால் தப்பை அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கைகொடுப்பது இந்த 30/900தான்.