சார்ஜர் 500: மூன்றாவது பின்கண்ணாடியும் போச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் பார்த்தபோது என் மாடல் காரின் பின்கண்ணாடி தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. காலையில் காபியோடு பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பார்த்தால் கீழ்மூலையிலிருந்து நடுவரைக்கும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, இங்கே மிஷிகனில் ஜனவரிக் காலையில் கார் கண்ணாடியில் படிந்திருக்குமே, அதே மாதிரி. சூப்பர் க்ளூ காயும்போது விடும் புகை. தெரிந்தே செய்த தப்பு, அதனால் எரிச்சல் இரண்டு பங்கு.

எங்கே நிற்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1/25 அளவில் 1969 டாட்ஜ் சார்ஜர் என்ற அமெரிக்கக் காரின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றை, அதன் ரேஸ் வடிவமான சார்ஜர் 500 ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பெட்டியில் வந்தபடியே ஒட்டியிருந்தால் இரண்டு வாரத்தில் அலமாரிக்குப் போயிருக்கும். இன்ஜின் முடிந்தது, சேஸிஸ் முடிந்தது, உள்ளே சீட்டுக்குக்கூட நிறம் அடித்தாகிவிட்டது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. அக்டோபரிலிருந்து நான் மல்லுக்கட்டுவது கூரைக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்கும் உள்ளங்கைகூட இல்லாத ஓர் இடத்தோடு.

இதை ஆரம்பித்ததே ஒரு வாய்ச்சண்டையால்தான். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் எல்லாம் ஊர்வலம் போகும் இல்லையா, அங்கே ராயல் ஓக் பக்கம் ஒரு பார்க்கிங்கில் கருப்பு 68 சார்ஜர் ஒன்று நின்றது. நாலு வண்டி தள்ளி புதிய மின்சார சார்ஜர் டேடோனா. பழையதைச் சுற்றி இருபது பேர், புதியதைச் சுற்றியும் இருபது பேர், ஆனால் இரண்டாவது கூட்டம் திட்டுவதற்காகக் கூடிய கூட்டம். நடிப்புச் சத்தம், இரண்டரை டன்னைத் தாண்டும் எடை, மஸில் கார் (பெரிய இன்ஜினும் முரட்டு வேகமும் உள்ள வண்டி) என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இப்படி. பெட்ரோல் சார்ஜரிலேயே முரட்டு மாடலான ஹெல்கேட் அளவுக்குச் சத்தம் வரும் என்று கம்பெனியே பெருமையாகச் சொன்ன சமாசாரம் அது, ஸ்பீக்கரும் குழாய் அறையும் வைத்து உண்டாக்குவது. என் பையன் மட்டும் அதற்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இது சூப்பரா இருக்கு" என்றான். பக்கத்தில் இருந்த ஒருவர் அவனை ஏதோ மதம் மாறியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் கூட வந்திருந்தார். முப்பது வருடம் அசெம்ப்ளி லைனில் நின்றவர். சார்ஜரில் கைவைக்கவே கூடாது, 68-லேயே அது முழுமையாகிவிட்டது என்பது அவர் கட்சி. அந்த 68-ஐ நானும் குறை சொல்ல மாட்டேன். ரிச்சர்ட் சையஸ் வரைந்தது, பில் பிரவுன்லியின் டிசைன் ஸ்டூடியோவில். 67-இல் 15,000 சொச்சம் விற்ற வண்டி, உடம்பை மாற்றியதும் 96,000 போனது. ஆக, மறுவடிவமைப்பு என்றாலே ரசிகர்கள் கல்லெறிவார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் கைவைக்கவே கூடாது என்றதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஐயா, அந்த வண்டியில் முதலில் கைவைத்ததே டாட்ஜ்தான், அதுவும் ஒரே வருடத்துக்குள் என்றேன். 500-ஐப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை, அது ரேஸுக்காகச் செய்தது, கணக்கில் வராது என்றார். சரி, கட்டிக் காட்டுகிறேன், மேஜையில் வைத்துப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். 68, 69 சார்ஜரில் கூரையிலிருந்து இரண்டு பக்கமும் தூண்கள் டிக்கிவரை சரிந்து இறங்கும், பின்கண்ணாடி மட்டும் அவற்றுக்கு நடுவே உள்ளடங்கி, கிட்டத்தட்ட ஒரு குகைக்குள் செங்குத்தாக நிற்கும். நிற்கிற வண்டியில் அதைவிட அழகு கிடையாது. நாஸ்கார் கார் பந்தயத்தின் நீள்வட்டத் தடத்தில் அந்தக் குகைக்குள் காற்று சுழன்று பின்பக்கத்தைத் தூக்கும். முன்னால் உள்வாங்கிய கிரில் வேறு காற்றை வாரிப் பிடித்துக்கொள்ளும். அதனால் 69-க்கு என்ன செய்தார்கள் என்றால், குகையை மூடித் தூண்களோடு சமமாக ஒரு சரிந்த கண்ணாடி, அதற்கு இடம் வேண்டுமே என்று டிக்கி மூடியைக் குட்டையாக்கினார்கள், முன்னால் டாட்ஜின் இன்னொரு காரான கரோனெட்டின் கிரிலை உதட்டுவரை இழுத்து வைத்தார்கள், மூடித் திறக்கும் ஹெட்லைட் போய்விட்டது. டெட்ராய்ட்டில் கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரீஸ் என்ற பட்டறையில்தான் இந்த மாற்று வேலை நடந்தது. பெயரில் 500 இருந்தாலும் கட்டியது 392 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

குகையை மூடுவது கேட்க எளிது. முதலில் அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடை இரண்டு தூணுக்கும் நடுவில் பாலம் போட்டு, ஓரங்களில் இடைவெளி நிரப்பும் புட்டி. இங்கேயே ஒரு தரம் அடி வாங்கினேன். ட்யூப் புட்டியை ஒரே பூச்சில் ஆழமாக நிரப்பினால் மேலே காய்ந்துவிடும், அடியில் ஒரு வாரம் சுருங்கிக்கொண்டே இருக்கும். பிரைமர் அடித்து எட்டு நாள் கழித்துப் பழைய டிக்கிக் கோடு பேய் மாதிரி மேலே தெரிந்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மில்லிபுட் என்ற, இரண்டு பாகத்தைப் பிசைந்து போடும் புட்டியால் நிரப்பினேன், அது சுருங்காது. புதிய டிக்கிக் கோட்டை டைமோ என்ற தடித்த லேபிள் டேப்பை வழிகாட்டியாக ஒட்டிக் கீறினேன். அந்தக் கோடு ஒரே இழுப்பில் நேராக வந்தது. மொத்த வேலையிலும் நான் பெருமைப்படும் ஒரே இடம் அதுதான், வீட்டில் யாருக்கும் அது என்ன என்று புரியவில்லை.

அப்புறம் கண்ணாடி.

முதல் கண்ணாடியைத் தட்டையான அசிடேட் தாளில் வெட்டி வளைத்து ஒட்டினேன். நடுவில் சரியாக உட்கார்ந்தது, இரண்டு ஓரமும் ராத்திரியோடு ராத்திரியாக எழும்பிவிட்டது. ஓரங்கள் தூணை நோக்கி மடங்கும் வளைவு அது, தட்டைத் தாள் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆக வேக்குவம் ஃபார்மிங், அதாவது சூடாக்கிய தகடை அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படியவைப்பது. மரப்பெட்டி, மேலே துளைபோட்ட பலகை, பக்கத்தில் கடை வேக்குவம் கிளீனரின் குழாய், 0.5 மில்லிமீட்டர் பிஇடிஜி என்ற தெளிவான பிளாஸ்டிக் தகடு, சமையலறை ஓவன் 300 ஃபாரன்ஹீட்டில். தகடு முதலில் நெளியும், பிறகு ஒரு நொடி இழுத்துக்கட்டிய மாதிரி நேராகும், அதற்குப் பிறகுதான் நடுவில் தொய்ய ஆரம்பிக்கும். ஒரு விரல்கடை தொய்வதற்குள் எடுத்து அச்சின் மேல் வைத்து ஸ்விட்சைப் போட வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் குமிழி.

இரண்டாவது கண்ணாடி அழகாக வந்தது, ஆனால் பாடியில் வைத்ததும் தலையில் தொப்பி வைத்த மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அச்சை நான் கண்ணாடியின் வெளி அளவுக்கே செதுக்கி வைத்திருந்தேன். தகடு அதன் மேல் படிகிறது, எனவே நாலு பக்கமும் தகட்டின் தடிமன் கூடும், உயரத்திலும் கூடும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 1/25-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய நிஜ வண்டியின் ஓர் அங்குலம். அரை அங்குலம் துருத்தி நிற்கும் கண்ணாடி! சமமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த வண்டி இது. அச்சை நாலாபக்கமும் அரை மில்லிமீட்டர் தேய்த்து இறக்க இரண்டு மாலை ஆனது. தேய்ப்பதைவிடப் பெரிய வேலை அதை மெருகாக்குவது, ஏனென்றால் அச்சில் உள்ள ஒவ்வொரு உப்புத்தாள் கீறலும் கண்ணாடியின் உள்பக்கத்தில் அப்படியே பதியும். 400, 800, 1500, 2000, பிறகு மெருகுப் பசை.

மூன்றாவதுதான் நேற்று செத்தது. அளவு கச்சிதம், குமிழி இல்லை, கீறல் இல்லை. வெள்ளைப் பசையால் சுற்றிலும் ஒட்டினேன், மூன்று மூலை பிடித்தது, இடது கீழ்மூலை மட்டும் மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் விரலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையில், சூப்பர் க்ளூ. மீதியை முதல் பத்தியில் சொல்லிவிட்டேன். மேலே பூத்ததை மெருகுப் பசையால் எடுத்துவிட்டேன், உள்பக்கம் பூத்ததை எடுக்க வழியில்லை, உள்ளே டாஷ்போர்டு வரைக்கும் எல்லாம் ஒட்டி மூடியாகிவிட்டது. முன்பெல்லாம் தரைக்குப் பூசும் மெருகுத் திரவம் ஒன்றில் கண்ணாடியை முக்கி எடுத்துவிட்டால் இந்தப் புகை அண்டாது. இப்போது எனக்கு அது எங்கேயும் கிடைப்பதில்லை, யாரிடமாவது பழைய பாட்டில் இருந்தால் பாதி கொடுங்கள்.

கிரில் கதையையும் சொல்லிவிடுகிறேன். கரோனெட் கிரில் ரெசின் வார்ப்பில் ஒருவரிடம் வாங்கினேன், வீட்டிலேயே வார்த்து விற்பவர், தபால் செலவு கிரிலைவிட அதிகம். வந்ததில் வலது ஹெட்லைட் வளையத்தில் கடுகளவு காற்றுக்குமிழி. எழுதினேன், பதில் இல்லை. ஸ்டைரீன் கம்பியைச் சூடாக்கி இழுத்து நானே அடைத்துவிட்டேன், இப்போது அவருடையதைவிட நன்றாக இருக்கிறது. இது போதாதென்று அதே ஆளிடம், 500-க்கு அடுத்து வந்த பழைய சார்ஜர் டேடோனாவின் மூக்கு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. 69 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் லீராய் யார்ப்ரோவின் ஃபோர்டு இந்த சார்ஜர் 500-ஐத் தாண்டிப் போய் ஜெயித்தது. இவ்வளவு தேய்த்தும் பத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் கூர்மூக்கும் 23 அங்குல உயர இறக்கையும் வைத்த டேடோனா வந்தது. என் அளவில் இறக்கை 23 மில்லிமீட்டரும் கொஞ்சமும், கணக்குப்போடவே வேண்டாம். பந்தய ஓட்டுநர் பட்டி பேக்கர் 1970 மார்ச்சில் டல்லடேகா தடத்தில் மணிக்கு 200 மைலைத் தாண்டியது அந்த உடம்பில்தான். அதிலும் இதே பின்கண்ணாடிதான் என்பதால் அச்சு வீணாகாது. இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

போன வாரம் பெரியவரைக் கூப்பிட்டுப் பிரைமரில் இருந்த பாடியைக் காட்டினேன். கண்ணாடியைச் சும்மா பொருத்தி மட்டும் வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பின்பக்கமே பார்த்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குகை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, இதை ஏன் அடைத்தாய், மழை பெய்தால் இங்கே தண்ணீர் தேங்கும், அதையும் சேர்த்துத்தான் எங்களுக்குப் பிடிக்கும் என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் முதல் தகடை வைத்து மூடிய அன்றைக்கே எனக்கும் அது தோன்றியது. பக்கவாட்டில் பார்த்தால் இப்போது அது நல்ல, ஒழுங்கான, வேகமான ஒரு வண்டி. சார்ஜர் என்று சொல்ல, ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் புதிய சார்ஜர் மேல் நடக்கும் ஒப்பாரியை நான் முழுசாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2006-இல் நாலு கதவோடு வந்தபோது இதே ஆட்கள், கதவை எண்ணிப் பார்த்துவிட்டு, இது டாக்ஸி என்றார்கள். 2023 டிசம்பரில் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் அதே நாலு கதவு வண்டியின் உற்பத்தி நின்றபோது கண்ணீர்விட்டதும் இவர்களேதான். எண்பதுகளில் முன்சக்கரத்தில் ஓடும் சின்ன ஹேட்ச்பேக்குக்கு இந்தப் பெயரை வைத்தார்களே, அதை இப்போது யாரும் எடுப்பதே இல்லை. புதியதில் மூக்கில் ஒரு பிளவு விட்டு, காற்றை உள்ளே வாங்கி பானட்டின் மேல் விடுகிறார்கள். டேடோனா என்ற பெயருக்கு அது ஒன்றாவது நியாயம். பக்கவாட்டில் பார்த்தால் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. எடை பிடிக்கவில்லை, ஸ்பீக்கர் பிடிக்கவே இல்லை. ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டிக்கு சிக்ஸ்பேக் என்று பெயர் வைத்ததற்குக் கோபப்படுவதும் நியாயம். பழைய சிக்ஸ்பேக் 440 வி8 இன்ஜினின் மேல் உட்கார்ந்த மூன்று இரட்டைக்குழல் கார்புரேட்டர், சிலிண்டர் எண்ணிக்கை அல்ல.

நிறம் டாட்ஜின் பி5 நீலம், பின்னால் 500 என்று எழுதிய வெள்ளைப் பட்டை. டிவி தொடரில் வந்த சார்ஜர் மாதிரி ஆரஞ்சு அடிக்கச் சொல்லி இதுவரை ஆறு பேர் கேட்டாகிவிட்டது, ஏழாவது ஆள் வந்தால் பேஸ்மென்ட் கதவைச் சாத்திவிடுவேன். முன்கண்ணாடித் தூண்களில் 500-க்கு வரும் பளபள பட்டைக்கு மெல்லிய ஒட்டும் உலோகத் தாள் (பேர் மெட்டல் ஃபாயில்) வெட்டி வைத்தாயிற்று.

பெரியவருக்காக இன்னொரு கிட் ஆர்டர் போட்டிருக்கிறேன், 68, குகையோடு, ஒன்றையும் தொடாமல் ஒட்டித் தரப்போகிறேன். அதற்கு முன்னால் இந்தக் கூரையை அறுக்காமல் கண்ணாடியை மட்டும் பெயர்க்க வேண்டும். நாலாவது தகடை வெட்டி வைத்திருக்கிறேன், அச்சையும் இன்று மாலை மறுபடி 2000-இல் தேய்த்துவிட்டேன். இடது கீழ்மூலைக்கு இந்தத் தடவை கிளிப் போட்டு இரண்டு நாள் விடுவதாக உத்தேசம். ஓவன்தான் பிரச்சினை. "என்னங்க, போன வாரம் செஞ்ச கேக்குல பிளாஸ்டிக் வாடை அடிச்சுது" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது, இன்னும் நான் பதில் சொல்லவில்லை.